அடிக்கடி சிறுநீர், கூடவே தலைவலி, தலைச்சுற்றல்: முதலில் எதைப் பார்ப்பது?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் "உடம்புச் சூடு" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த இனிப்புப் பானம் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். தயவுசெய்து அந்தப் போத்தலைத் திறப்பதற்கு முன் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் பிடித்து வைக்க முடியாது, அது சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வறண்டு போவதால்தான் தாகம், தலைவலி, எழுந்தால் கண் இருட்டுவது எல்லாம்.

ஒன்றிரண்டு நாள், எத்தனை தடவை போகிறீர்கள் என்பதோடு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்றும் கவனியுங்கள். நிறைய போய், ராத்திரியும் தூக்கம் கெட்டு, வாய் வறண்டு, உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தால் சர்க்கரைதான் முதல் சந்தேகம். கொஞ்சம் கொஞ்சமாக, எரிச்சலோடு போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அதோடு காய்ச்சலும் விலாவலியும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். செம்பனைக் காட்டில் வேலை செய்கிற பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு மதியம்வரை இருக்கிறார்கள். தொற்றும் தலைவலியும் வர இதுவே போதும், கழிப்பறை கேட்டு மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) பேசுவதில் வெட்கமே வேண்டாம்.

விரலில் குத்திப் பார்ப்பதற்கு கவர்மெண்ட் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள், பழம் தின்ற விரலாக இருந்தால் எண் பொய்யாக ஏறிவிடும். வெறும் வயிற்றில் 7.0, மற்ற நேரத்தில் 11.1, இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் விடாமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ரத்தக் கொதிப்பு. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பார்க்கவேண்டும், அதற்கு முன் அரை மணி நேரம் கோப்பியும் சிகரெட்டும் கூடாது. 140/90 தாண்டினால் வேறொரு நாளும் பாருங்கள். 180/120 தாண்டி, கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் நேரே மருத்துவமனை. ஆனால் கொதிப்பை விட அதற்குத் தரும் நீர் மாத்திரைதான் பல பேருக்கு அடிக்கடி சிறுநீர் வரக் காரணம். பிராசோசின் மாதிரி கொதிப்பு மாத்திரை எழுந்து நிற்கும்போது தலையைச் சுற்றவைக்கும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், வேளையையோ அளவையோ மாற்றலாமா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே இனிப்பு நீர் மாத்திரை போடுகிறவர் பசியாறாமல் காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடி, வேர்த்து நடுங்கித் தலை சுற்றினால் அது சர்க்கரை குறைந்த கதை. அப்போது மட்டும் இனிப்பு உடனே வேண்டும். மற்றபடி நாளுக்கு நாலைந்து தடவை தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) குடிப்பவர்கள் ஒரு வாரம் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறி, அதையும் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போட இது சாக்கில்லை.

தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த அன்றைக்கு இவை வந்து, எச்சில் ஊறி கண்மணியும் சுருங்கினால் அந்த மருந்து உடம்பில் ஏறியிருக்கலாம்: சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, போத்தல் லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிக்கு அடிக்கடி சிறுநீர் சகஜம், ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு கடும் தலைவலி வந்தால் அன்றைக்கே கொதிப்பைப் பார்க்கவேண்டும். வாந்தி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்குவது, குழறல், முகம் கோணுவது, இதில் எது வந்தாலும் உடனே 999-க்குப் போன் போடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது போடுகிற மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலிமாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.