கார்ப்பல் டன்னல் அறுவைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால் வெட்டுபவராயினும், முந்திரி ஆலையில் பருப்பு உரிப்பவராயினும், குளச்சல் கரையில் வலை சீர்செய்பவராயினும், மணிக்கட்டிலுள்ள ‘கார்ப்பல் டன்னல்’ என்னும் குறுகிய பாதையில் அழுத்தப்படும் நரம்பை விடுவிக்கும் அறுவை முடிந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி எப்போது வேலைக்குப் போகலாம் என்பதே. பிழைப்பு கையில் இருப்பவர்களின் நியாயமான அந்த அவசரமே பல தவறுகளுக்கும் தொடக்கமாகிறது.

அவற்றில் முதன்மையானது, தழும்பின் அளவை வைத்துக் குணமடைதலைக் கணிப்பது. திறந்த முறையில் உள்ளங்கையில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுவார்கள். சிறு கேமராக் குழாயை நுழைத்துச் செய்யும் எண்டோஸ்கோப்பி முறையில் மணிக்கட்டருகே ஏறக்குறைய 1 செ.மீ. கீறலே போதும். ஆனால் இரண்டிலும் உள்ளே வெட்டப்படுவது, நடு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் அதே தசைநார்தான். எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் சற்று முன்னதாக வேலைக்குத் திரும்புவது உண்மையே. எனினும் அவர்களுக்கும் பிடிவலு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். எனவே தையல் பிரித்த மறுநாளே பால் கத்தியைப் பிடிப்பதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் எம்முறையிலும் கூடாது. எழுதுவது, உணவு உண்பது போன்ற இலகுவான செயல்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. கடின வேலைக்கு 6 வாரமோ அதற்கு மேலோ தேவைப்படலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதை நான் இன்னும் கவலையோடு பார்க்கிறேன்: வலிக்கு அஞ்சி விரல்களை அசைக்காமலே வைத்திருப்பது. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, முதல் நாளிலிருந்தே விரல்களை முழுவதும் மடக்கி நீட்ட வேண்டும். இல்லையெனில் வீக்கம் தங்கி, மூட்டுகள் இறுகிவிடும். முதல் சில நாட்கள் கையைத் தொங்கவிடாமல், படுக்கும்போது தலையணைமேல் நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைப்பது நல்லது.

நம் குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களிடம் தைலம் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் ஆழமானது. அதை மதிக்கிறேன், ஆயினும் 10 முதல் 14 நாட்களில் தையல் பிரித்து, புண் முழுவதும் மூடும்வரை தைலமோ மஞ்சளோ அதன்மேல் படக்கூடாது. ரப்பர் பால் உறைய வைக்கும் அமிலமும், மீன் கழுவிய நீரும் அப்படியே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும்.

உள்ளங்கையின் அடிப்பகுதியில் இருபுறமும், கையை ஊன்றும்போது ஏற்படும் வலி சில மாதங்கள் நீடிப்பது இயல்பு. நெடுநாள் மரத்துப்போன விரல்களில் உணர்வு மெதுவாகவே திரும்பும். இவற்றைக் கண்டு அறுவை தோற்றதென முடிவுகட்ட வேண்டாம். ஆனால் சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி, புதிதாகத் தோன்றும் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.