பரீட்சை முடியட்டும், அப்புறம் ஜெபிக்கலாம்: பதின்பருவ விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளிடம் ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் இது: "பரீட்சை முடியட்டும், அப்புறம் ஒழுங்கா ஆரம்பிக்கிறேன்." தட்டிக்கழிக்க அப்படிச் சொல்வதில்லை. காலையில் ட்யூஷன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் ரெக்கார்டு நோட்டு, ராத்திரி வாட்ஸ்அப் குரூப். இதில் ஆண்டவருக்கு எங்கே நேரம் என்று உண்மையாகவே திணறுகிறார்கள். ஆனால் இந்த வயதில் விசுவாசம் கரைந்துபோவது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில்தான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் ஒன், அப்புறம் நீட், கல்லூரி, வேலை. சந்தடி ஓய்ந்த நாள் ஒன்று வந்து, அன்றைக்கு பக்தி தொடங்கப்போவதில்லை. இருக்கிற சந்தடிக்குள்ளேயே அதைப் பழகவேண்டும்.

எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டபோது தானியேலும் வாலிபன்தான். பெல்தெஷாத்சார் என்று பெயரையே மாற்றினார்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையும் 3 வருடம் படிக்கவேண்டும் என்று ராஜாவின் உத்தரவு. தானியேல் படித்தான். ராஜாவின் போஜனம் என்கிற ஒரு விஷயத்தில் மட்டும் மறுத்தான். அதையும் 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த வேகத்தில் கிரிக்கெட், சினிமா, நண்பர்கள் எல்லாமே பாவம் என்று ஒரே நாளில் விட்டுவிடுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும். அந்த வைராக்கியம் சில வாரங்கள்கூடத் தாங்காது. விழும்போது விசுவாசத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். எதற்குமே கோடு கிழிக்காமல் இருப்பதும் அதே அளவு ஆபத்து. உங்களை ஆண்டவரிடமிருந்து இழுப்பது எது என்று உங்களுக்கே தெரியும். முதலில் அந்த ஒன்றில் நில்லுங்கள்.

பலருக்கு அந்த ஒன்று போன்தான். காலை 5:30க்கு அலாரம் அடிக்கிறது. அலாரம் இருப்பதும் போனில். நிறுத்திய கையோடு வேதாகம ஆப்பைத் திறக்கிறீர்கள். சங்கீதத்தில் 2 வசனம் போவதற்குள் திரையின் மேலே ஒரு நோட்டிபிகேஷன். வகுப்பு குரூப்பில் யாரோ இயற்பியல் கணக்குக்கு விடை கேட்டிருக்கிறான். பதில் போடுகிறீர்கள், அப்படியே ஸ்டேட்டஸ் பார்க்கிறீர்கள், அங்கிருந்து ஒரு ரீல். ஆறு மணிக்கு அம்மா கூப்பிடும்போது சங்கீதம் அதே 2ஆம் வசனத்தில் நிற்கிறது. "எனக்கு மனஉறுதியே இல்லை" என்று இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். தள்ளத் தள்ள முடிவு வராதபடி, உங்களைப் பிடித்துவைப்பதற்கென்றே செய்யப்பட்டவை அந்த ஆப்கள். போன் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். ராத்திரி ஹாலில் சார்ஜ் போடுங்கள், எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும், தலைமாட்டில் அச்சடித்த வேதாகமம் இருக்கட்டும்.

எங்கே வாசிக்க ஆரம்பிப்பது? ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான், நாளைக்கு ஒன்று என்றால் பரீட்சை மாதத்திலும் முடியும். வாசித்ததைப் பற்றி ஆண்டவரிடம் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி பேசுங்கள். மேடையில் கேட்ட ஜெப நடை தேவையில்லை.

வாக்குத்தத்த வசனங்களில் நடக்கும் தவறைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அது பிற்பாடு நிறைய காயப்படுத்துகிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஒரு வசன அட்டை கிடைக்கிறது. அதில் எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." உடனே ஸ்டேட்டஸில் போடுகிறோம். மனதுக்குள் அது "இந்த வருஷம் நான் நினைத்த மார்க் வரும்" என்று மாறிவிடுகிறது. மார்க் வராதபோது, ஆண்டவர் சொன்னதைச் செய்யவில்லை என்ற கசப்பு உட்கார்ந்துவிடுகிறது. அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தின வசனமே ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது கடிதம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். அப்படியும் அவர்களை ஆண்டவர் மறக்கவில்லை என்பதுதான் அந்த வசனத்தின் பலம். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13ம் இப்படித்தான். பவுல் சிறையில் கட்டப்பட்டிருந்த காலத்தில் எழுதியது அது. அதற்கு முந்தின வசனம் பட்டினியைப் பற்றிப் பேசுகிறது. ஃபெயில் ஆன பிள்ளைக்கு இந்த வசனம் அதிகமாகவே பொருந்தும், அதை யாராவது அவனுக்குச் சொல்லவேண்டும்.

வாலிபர் முகாமின் கடைசி ராத்திரி கண்ணீரோடு ஆண்டவருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் ஒன்றுமே உணராமல் போனால், "அன்றைக்கு நடந்தது பொய்யோ" என்று நினைப்பது இன்னொரு தவறு. உணர்ச்சி ஏறும், இறங்கும். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீதே 13ஆம் சங்கீதத்தில் கேட்கிறான். அதுவும் ஜெபம்தான்.

கேள்விகளை விழுங்குவதும் வேண்டாம். உயிரியல் வகுப்பில் கேட்டது, இந்து நண்பனோ முஸ்லிம் தோழியோ கேட்டது, எதுவானாலும் சரி. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் அவருடைய சீஷர் தோமா. மற்ற சீஷர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை. எட்டு நாளைக்குப் பிறகு அவர்களோடு வீட்டுக்குள் இருந்தபோதுதான் ஆண்டவர் அவருக்குக் காட்சி கொடுத்தார். சென்னை பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தவர் என்று பாரம்பரியம் சொல்வது அதே தோமாவைத்தான். உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். நண்பர்களின் சாமியைக் கேலி செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பதில் சொல்வதை "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" செய்யச் சொல்கிறார் பேதுரு.

வீட்டையும் மறக்கக்கூடாது. ஆராதனையில் கிட்டார் வாசிக்கிற பிள்ளை, மதியம் சாப்பாட்டில் உப்பு குறைந்ததென்று அம்மாவிடம் கத்தினால், தம்பி தங்கைகள் நம்புவது எதை? 12 வயதில் தேவாலயத்தில் போதகர்களையே வியக்கவைத்த இயேசு, நாசரேத்துக்குத் திரும்பிப்போய்ப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு பயம் தருவது, பாவம் செய்தபிறகு ஒளிந்துகொள்வது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டு, "இந்த முகத்தோடு எப்படி ஜெபிப்பேன்" என்று சபைக்கு வருவதையே நிறுத்திய பிள்ளைகள் உண்டு. லூக்கா 15இல், சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகன் குளித்து, நல்ல உடை உடுத்திக்கொண்டு வரவில்லை. அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போனார். அதனால் அன்றைக்கே ஜெபியுங்கள், வரும் ஞாயிறே சபைக்கு வாருங்கள். விடமுடியாமல் திரும்பத் திரும்ப விழுந்தால் தனியாகப் போராடாமல், அப்பா அம்மாவிடமோ, பையன் என்றால் ஒரு அண்ணனிடமோ, பெண் என்றால் ஒரு அக்காவிடமோ சொல்லுங்கள். சொன்னதை ஊருக்குப் பரப்பாதவராகப் பார்த்துச் சொல்லுங்கள். யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினாலோ, பெரியவர் ஒருவர் உங்களிடம் தப்பாக நடந்துகொண்டு "யாரிடமும் சொல்லாதே" என்றாலோ, அவர் சபையைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், அது உங்கள் பாவம் இல்லை. அன்றே வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால், இந்தியாவில் எங்கிருந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்யலாம்.