நுவரெலியாக் குளிரில் இஞ்சி பியர்: நான் பண்ணிய தவறுகளை நீங்கள் பண்ணாதீர்கள்

இஞ்சித் தண்ணீருக்குச் சீனியும் ஈஸ்டும் போட்டுக் கேஸ் ஏற்றுகிற பானம்தான் இஞ்சி பியர். "24 மணித்தியாலம் வெளியில் வை, பிறகு பிரிட்ஜில் போடு" என்று கொழும்பில் இருக்கும் சித்தி சொன்னதை அப்படியே நம்பியதுதான் நான் செய்த முதல் தவறு. சித்தி வீட்டு அடுப்படியில் பகலில் 30 பாகை இருக்கும். இங்கே கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் தை மாத இரவென்றால் 10 பாகைக்கும் கீழே போகும். ஈஸ்ட் உயிருள்ள சாமான், நம்மைப் போலவே அதுவும் குளிருக்குச் சுருண்டு படுத்துக்கொள்ளும். ஒரு நாள் பார்த்தேன், குமிழியே இல்லை. சரி, ஈஸ்ட் போதவில்லை என்று இன்னும் ஒரு தேக்கரண்டி அள்ளிப் போட்டேன், சீனியும் கொஞ்சம் கூட்டினேன். அது இரண்டாவது தவறு. நாலாம் நாள் வெயில் அடித்ததும் எல்லாம் சேர்ந்து எழும்பியது, குடித்துப் பார்த்தால் ஒரே பாண் மணம். இரண்டு லீட்டருக்குக் கால் தேக்கரண்டியே தாராளம். குளிரென்றால் ஈஸ்டைக் கூட்டாதீர்கள், நாளைக் கூட்டுங்கள்.

பியரே காய்ச்சலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரத் துரை சாமுவேல் பேக்கர் பியர் காய்ச்சிய ஊர்தான் இது, ஆனால் இப்போது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். போதாததற்கு லயத்தில் ஒரு போத்தல் 'டப்' என்று வெடித்தால் போதும், கசிப்பு காய்ச்சுகிறான் என்று பேர் வந்துவிடும். அதனால் நான் இஞ்சி பியரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈஸ்ட் போடும் நேரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இஞ்சி, கராம்பு, சீனி எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் இந்தக் குளிரில் ஓரத்தில் சீக்கிரம் ஆறிவிடும், நடுவில் மட்டும் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். ஈஸ்ட் 55 பாகையைத் தாண்டினால் செத்துப்போகும். அடியோடு கலக்கிவிட்டு மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. விரலால் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், விறைத்த விரலுக்கு வெதுவெதுப்பும் கொதியாகத்தான் தெரியும். கடையில் திறந்து வைத்து நிறுத்து விற்கிற ஈஸ்டாக இருந்தால், முதலில் அரைக் கோப்பை வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் போட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். நுரை வராவிட்டால் எறிந்துவிடுங்கள். அதைப் போட்டு ஒரு வாரம் காத்திருப்பதை விட அது மேல்.

அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சூடாக இருக்குமே என்று தோன்றும். நானும் வைத்தேன். மாலையில் ரொட்டி சுடும்போது போத்தல் வேகும், விடியற்காலை மூன்று மணிக்கு உறையும். கம்பளியில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பதுதான் நல்லது, ஒரே சூட்டில் இருக்கும். நாலைந்து நாளாகும், ஆகட்டும்.

இனி வெடிக்கிற கதை. ஒரு லீட்டரில் 4 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய ஒரு லீட்டர் வாயு வரும். கடையில் வாங்கும் சோடாவில் லீட்டருக்கு நாலு லீட்டர் வாயு அளவில் இருக்கும், அதாவது 16 கிராம் சீனியே நமக்குப் போதும். ஆனால் இனிப்புக்காக நாம் போடுவது லீட்டருக்கு 100 கிராம்! மிச்சத்தையும் ஈஸ்ட் தின்றுகொண்டேதான் இருக்கும், மூடிய போத்தலுக்குள் 25 லீட்டர் வாயுவை யாரால் தாங்க முடியும்? நல்ல கேஸ் ஏறும்போது மதுசாரம் ஒரு வீதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும், விட்டுவிட்டால் ஆறு வீதமும் தாண்டும், அப்புறம் அது இஞ்சி பியர் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் அந்த ஒரு வீதத்தையும் யோசியுங்கள்.

ஆகவே கண்ணாடிப் போத்தல் வேண்டாம். ஒரு தீபாவளிக்கு இரண்டு போத்தல் எடுத்துக்கொண்டு நானுஓயாவில் ரயில் ஏறினேன், ஒன்று சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல், மற்றது வடிவாக இருக்கிறதே என்று எடுத்த பழைய சாராயப் போத்தல். நாவலப்பிட்டி வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. பொல்காவலை தாண்டி வெக்கை ஏறியதும் பைக்குள் ஒரு சத்தம், புது வேட்டி முழுக்க இஞ்சித் தண்ணீர், கண்ணாடித் துண்டுகள். நல்ல வேளை, பை ஆசனத்துக்குக் கீழே இருந்தது. குளிரில் தண்ணீருக்குள் அடங்கிக் கிடந்த கேஸ் சூட்டில் வெளியே வந்தது, தூங்கிய ஈஸ்டும் விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் போத்தல் கல்லுப்போல இறுகி நின்றது, ஆனால் வெடிக்கவில்லை. அந்த இறுக்கம்தான் நமக்கு மணிக்கூடு. மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டு நிரப்புங்கள், தினம் காலையும் மாலையும் நெரித்துப் பாருங்கள், விரல் உள்ளே போகாத நிலை வந்ததும் பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். பிரிட்ஜிலும் ஈஸ்ட் சாகாது, தூங்கும். 2022இல் கரன்ட் மணிக்கணக்காகப் போன நாட்களில் எத்தனை போத்தலை நடுராத்திரியில் திறந்து கேஸ் விட்டேன் என்று கணக்கே இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பிளாஸ்டிக் போத்தலைக் கொதிதண்ணீரில் கழுவாதீர்கள், சுருங்கிக் கோணிப்போகும். பிளீச் போட்டுக் கழுவினால் மணம் போகும்வரை அலசுங்கள். சீனிக்குப் பதில் நீரிழிவுக்காரர் போடும் இனிப்பு மாத்திரை போட்டால் ஈஸ்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. தேசிக்காயைத் தோலோடு வேகவைத்தால் கசக்கும். நாலைந்து பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போட்டால் ருசிக்கு மட்டுமல்ல, அவை மேலே மிதந்து வந்தால் ஈஸ்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, போத்தலில் நிரப்புமுன் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். இஞ்சி நார் கிடந்தால் மூடியைத் திறந்ததும் கேஸ் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் பொங்கும். நன்றாகக் குளிரவைத்து, பேசினுக்கு மேலே பிடித்து, 'உஸ்' என்று கேட்டதும் மூடியைத் திரும்ப இறுக்கி, கொஞ்சம் விட்டுத் திறக்க வேண்டும். எங்கள் அடுப்படித் தகரத்தில் போன வருஷத்து நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா வருகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டாமல் விடுவதில்லை.