ஸ்மார்ட் விளக்கு வாங்கப் போகிறீர்களா? முதலில் சுவிட்ச் போர்டைப் பாருங்கள்

எங்கள் ஹாலில் முதல் ஸ்மார்ட் பல்பை மாட்டிய அன்று இரவே அது போனுக்குப் பதில் சொல்லவில்லை. பல்பில் குறை எதுவும் இல்லை. படுக்கப் போகும்போது அம்மா வழக்கம்போல சுவரில் இருந்த சுவிட்சை அணைத்திருந்தார். ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டால் வைஃபையும் இல்லை, ஆப்பும் இல்லை. அதனால் கடைக்குப் போகும் முன்பு இந்த வரிசையில் யோசியுங்கள்.

படி 1: அந்த அறையில் சுவிட்சை யார் தொடுகிறார்கள்?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஹால், சமையலறை, பாத்ரூம் வழி போன்ற இடங்களில் வீட்டில் உள்ள எல்லோரும், வருகிற விருந்தாளிகளும் சுவிட்சைப் போடுவார்கள். அங்கே பல்பை மாற்றாதீர்கள். சுவிட்சுக்குப் பின்னால், போர்டுக்குள்ளேயே வைக்கிற ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல் வாங்குங்கள். பழைய டியூப் லைட் அப்படியே இருக்கும், சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும், போனிலிருந்தும் அணைக்கலாம். பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாதாரண மாட்யூல் போடவும் அணைக்கவும் மட்டும்தான் உதவும். நிறத்தையோ வெளிச்சத்தின் அளவையோ மாற்றாது.

பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி, தேவை. போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் உள்ளே வந்திருக்கும். வெறும் சுவிட்சுகள் மட்டும் உள்ள போர்டில் இல்லாமல் போகலாம். மெயினை அணைத்துவிட்டுப் போர்டைத் திறந்து பார்க்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

படுக்கையோரம், படிக்கும் மேசை, டிவிக்குப் பின்னால், இங்கெல்லாம் ஸ்மார்ட் பல்பு பொருத்தம்.

படி 2: ஹோல்டர்

நம் வீடுகளில் அதிகம் இருப்பது பின் வைத்து மாட்டுகிற பி22. அலங்கார விளக்குகளில் பெரும்பாலும் திருகுகிற இ27. பழைய பல்பைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: வெளிச்சம்

வாட்ஸை விட்டுவிட்டு, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென்ஸைப் படியுங்கள். 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 800 முதல் 900 லூமென்ஸ் தரும், பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு அளவு. 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் லைட் சுமார் 2,000 லூமென்ஸ் தரும். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஸ்மார்ட் பல்பு போட்டால் அறை மங்கலாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின். 2,700 என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி, 6,500 என்றால் பளீர் வெள்ளை, 4,000 இரண்டுக்கும் நடுவில். இந்த வெள்ளையை மாற்றிக்கொள்ளக்கூடிய பல்பை வாங்குங்கள், தினமும் பயன்படும். சிவப்பும் நீலமும் முதல் வாரத்தோடு சரி. வண்ணத்தில் எரியும்போது வெளிச்சமும் குறைந்துவிடும்.

படி 4: எதனோடு இணைவது?

நான்கைந்து விளக்குகள்தான் என்றால் வைஃபை போதும். பெரும்பாலான வைஃபை பல்புகள் ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும், 5 கிகாஹெர்ட்ஸில் இணையாது. வீடு முழுக்க இருபது விளக்குகள் என்றால் சாதாரண ரௌட்டர் திணறலாம், அப்போது வைஃபை இல்லாமல் விளக்குகளை இணைக்கிற ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை நல்லது. அதற்கு விளக்குகளையும் போனையும் இணைத்துவைக்கிற ஹப் என்ற சிறு பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். 2022-இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தின் முத்திரை இருந்தால், பிறகு வேறு நிறுவனத்தின் மேட்டர் பொருள் வாங்கினாலும் ஒன்றாகச் சேரும். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

படி 5: மாட்டுவது

சுவிட்சை அணைத்து, பல்பை மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். வேகமாகச் சிமிட்டினால் இணைக்கத் தயார் என்று பொருள். சிமிட்டாவிட்டால் சுவிட்சை மூன்று நான்கு முறை அணைத்துப் போடுங்கள், எத்தனை முறை என்று பெட்டியில் இருக்கும். போனை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வைத்து, பல்பை ஆப்பில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் வீட்டில் எல்லோருடைய போனிலும் அந்த ஆப்பைப் பகிர்ந்துவிடுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் கரண்ட் போய் வரும். பல பல்புகள் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும், இரவு மூன்று மணிக்குத் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். ஆப்பின் அமைப்புகளில் ‘மின்சாரம் திரும்பியதும்’ என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தைத் தேடி, ‘முன்பிருந்த நிலை’ என்று மாற்றுங்கள். இந்த வசதி இல்லாத பல்பைப் படுக்கையறைக்கு வாங்கவே வேண்டாம். ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள், கரண்ட் போனாலும் வைஃபை அறாது.

எங்கள் வீட்டில் இப்போது பாத்ரூம் வழியில் சுவிட்ச் யாரும் தொடாத ஒரு மூலையில், அசைவை உணரும் சென்சாரோடு ஒரு பல்பு இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை, 2,700 கெல்வினில், பத்து சதவீத வெளிச்சம் மட்டும். அம்மா எழுந்து இரண்டு அடி வைத்ததும் எரியும், அவர் திரும்பி வந்து படுத்த பிறகு தானாக அணையும்.