கிணற்று நீரின் காவிக் கறை: துணியையும் தரையையும் காப்பாற்றும் வழி

முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் வளவிலுள்ள குழாய்க்கிணற்று நீர், இறைக்கும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அதையே ஒரு வெள்ளை வாளியில் நிரப்பி இரவு முழுவதும் வைத்துவிட்டால், விடியும்போது அடியில் செங்காவி நிற மண்டி படிந்திருக்கும். குடிவந்த முதல் வருடம் இந்த மாற்றத்தை நான் பொருட்படுத்தவில்லை. மகளின் வெள்ளைப் பள்ளிச் சீருடையில் மங்கலான மஞ்சள் திட்டுகள் தோன்றியபோது, அழுக்கு என்று எண்ணி, வெளிறச்செய்யும் குளோரீன் திரவத்தில் ஊறவைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த மஞ்சள் செம்மஞ்சளாகி நூலிழைக்குள்ளே இறங்கிவிட்டது. வன்னியில் கிணற்று நீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் இதே தவறு நடப்பதைக் கண்டிருக்கிறேன். ஆகையால் முதன்முதலாக இந்த வேலையில் இறங்குவோருக்காக, செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நிலத்தின் ஆழத்தில் காற்றுப்படாமல் இருக்கும் நீரில் இரும்பு கரைந்த நிலையில் நிறமின்றி இருக்கும். நீர் மேலே வந்து காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்ததும், அந்த இரும்பு கரையாத காவித் துகளாக மாறுகிறது. அது வாளியின் அடியில் படிந்தால் மண்டி. துணியில் படிந்தால் கறை. குளோரீன் இந்த மாற்றத்தை மிக விரைவாக நடத்துவதால்தான் சீருடை அப்படிக் கெட்டது. காரத்தன்மை மிகுந்த சலவைத்தூளும் அதே பக்கமாகவே வேலை செய்யும். இலங்கையின் குடிநீர்த் தரம் இரும்புக்கு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது; அதற்கு மேற்பட்டால் துணியிலும் பேசினிலும் கறை விழத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் இரும்புக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட எல்லை எதையும் வகுக்கவில்லை என்பதால், இரும்பை மட்டும் எண்ணி வீட்டார் அஞ்ச வேண்டியதில்லை.

முதற்படி, இரும்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்கு மூன்று தெளிவான போத்தல்கள் போதும். காலையில் மோட்டரைப் போட்டவுடன் வரும் நீரை ஒன்றிலும், பத்து நிமிடம் ஓடவிட்ட பின் கிணற்றடியிலேயே பிடித்த நீரை மற்றொன்றிலும், வீட்டுக்குள் இருக்கும் பைப்பிலிருந்து பிடித்த நீரை மூன்றாவதிலும் நிரப்பி, மூடாமல் மறுநாள் வரை வைக்கவும். முதற்போத்தல் பிடிக்கும்போதே காவியாக இருந்து, இரண்டாவது மறுநாளும் தெளிவாகவே நின்றால், குற்றம் நிலத்தடி நீரில் இல்லை. இரவு முழுவதும் நீர் தேங்கி நின்ற பழைய இரும்புக் குழாய் கறள் பிடித்திருக்கிறது. கைப்பம்பு பூட்டிய பழைய குழாய்க்கிணறுகளில் இதைப் பெரிதும் காணலாம். அந்த நிலையில் வடிகட்டிக்குச் செலவிடுவதைவிட, குழாயை பி.வி.சி.க்கு மாற்றுவதே சரியான செலவு. இரண்டாவது போத்தல் தெளிவாகத் தொடங்கி மெல்ல மெல்லக் காவியானால், இரும்பு கரைந்த நிலையில் நிலத்திலிருந்தே வருகிறது. கிணற்றுப் போத்தல் தெளிந்திருக்க, வீட்டுப் போத்தல் மட்டும் கெட்டிருந்தால் தாங்கியையும் உட்குழாய்களையும் பார்க்க வேண்டும்.

தேநீரும் ஒரு நல்ல பரிசோதகர். பால் சேர்க்காத பிளேன்ரீயைக் கடுஞ்சாயமாக ஊற்றி, அதில் கிணற்று நீரை ஒரு பங்கு கலந்தால், இரும்பு மிகுந்த நீரில் சாயம் மை கலந்ததுபோலக் கறுக்கும். அதே சாயத்தில் மழைநீரைக் கலந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு எவருக்கும் தெரியும். இந்தச் சோதனையை மறந்துவிடாதீர்கள். வடிகட்டி வேலை செய்கிறதா என்று அறியப் பின்னால் மீண்டும் தேவைப்படும்.

நீரின் மேல் எண்ணெய்போல ஒரு பளபளப்பான ஏடு மிதந்தால், அதை ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால், அது இரும்பை உண்டு வளரும் நுண்ணுயிர்களின் வேலை. உடனே மீண்டும் கூடிக்கொண்டால் மெய்யாகவே எண்ணெய் கலந்திருக்கிறது. நுண்ணுயிராயின் கிணற்றைக் கழுவி இறைத்துக் குளோரீன் இட வேண்டியிருக்கும். அதன் அளவை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே செய்யுங்கள். எண்ணெயாயின் அந்த நீரைப் பாவிக்காமல் நிறுத்திவிட்டு அவரிடமே அறிவிக்க வேண்டும்.

அடுத்தது, ஏற்கெனவே விழுந்த கறை. இரும்புக் கறையைச் சவர்க்காரம் அசைக்காது. அதற்குப் புளிப்பு வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியாயின், கறைமேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து, அதன்மேல் உப்பைத் தூவி, ஈரம் காயாதவாறு இடையிடையே சாறு விட்டு, வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் விரித்து வையுங்கள். தேசிக்காயின் சித்திரிக்கமிலம் இரும்பைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். வெயில் அதை விரைவுபடுத்தும். முழுச் சீருடையும் மங்கியிருந்தால், கடைகளில் கிடைக்கும் சித்திரிக்கமிலத் தூளில் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் சுடுநீரில் கரைத்து, பிளாஸ்ரிக் வாளியில் அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். நிறத்துணியை இப்படிச் செய்யுமுன் உள்மடிப்பில் ஒரு மூலையைச் சோதித்துப் பாருங்கள். துணியில் நேர்கோடாகக் கறை இருந்தால் நீரைக் குறைசொல்ல வேண்டாம்; அது கறள் பிடித்த கம்பிக்கொடியின் அடையாளம், நைலோன் கயிறு கட்டினால் தீர்ந்துவிடும்.

இங்கே பலர் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். கறை போன துணியை அதே கிணற்று நீரில் அலசினால், அந்த நீரின் இரும்பு மறுபடியும் நூலில் ஏறும். கடைசி அலசல் மழைநீரிலோ தெளியவைத்த நீரிலோ இருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் கூரைநீரை ஒரு பரலில் சேர்த்து மூடிவைத்தால், வெள்ளை உடுப்புகளுக்கு அதைவிட நல்ல நீர் வன்னியில் கிடைக்காது. நுளம்பு பெருகாதபடி பரலின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவிடுங்கள்.

மலசலகூடத்துக் கோப்பை, பேசின் போன்ற பீங்கான் பொருள்களில் படிந்த காவிக்கும் அதே சித்திரிக்கமிலக் கரைசலே போதும். பழைய துணியில் நனைத்துக் கறைமேல் போர்த்தி, ஒரு மணித்தியாலம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் அமிலம் ஊற்றாதீர்கள். கறையோடு தரையின் மேற்பரப்பையும் அது அரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அமிலத்தையும் குளோரீன் திரவத்தோடோ வெளிற்றுத் தூளோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரீன் வாயு, கதவு சாத்திய சிறு மலசலகூடத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

இனி நிரந்தர ஏற்பாடு. இரும்பு துணியில் படியுமுன் வேறோர் இடத்தில் படியச் செய்வதே இதன் முழு நுட்பமும். இரவில் உடுப்பை ஊறப்போடும் வழக்கத்தை மாற்றி, நீரை ஊறப்போடுங்கள். அதாவது இறைத்த நீரைக் காற்றுப்பட விட்டு, மறுநாள் மேல்நீரை எடுத்துத் துவையுங்கள். பணம் எதுவும் செலவிடாமல் இதை இன்றே தொடங்கலாம், என் அனுபவத்தில் பாதித் துன்பம் இதிலேயே குறைந்தது.

தாங்கி உள்ளவர்கள், நீர் வந்து விழும் குழாயின் முனையை மூடி, அதன் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமான துளைகள் பல இட்டு, ஒரு மீற்றர் அளவு உயரத்திலிருந்து மழைபோல விழச் செய்யுங்கள். எடுக்கும் குழாய் தாங்கியின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும். அடிமண்டியைத் திறந்துவிடத் தனியாக ஒரு பைப் வேண்டும். அதன்பின் மணல் வடிகட்டி. உணவுப்பொருள் அடைத்து வந்த 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்றை எடுங்கள். இரசாயனம் இருந்த பரலைத் தொடவே வேண்டாம். அடியில் துளையிட்ட குழாயை வைத்து, கழுவிய முக்கால் அங்குலச் சல்லியை 15 சென்ரிமீற்றருக்கும், அதன்மேல் சிறு சல்லியை 10 சென்ரிமீற்றருக்கும், அதன்மேல் ஆற்றுமணலை 45 சென்ரிமீற்றருக்கும் இடுங்கள். மணலைக் கழுவிய நீர் கலங்காமல் வரும்வரை கழுவுவது சலிப்பான வேலைதான், ஆனால் அதில் அவசரப்பட்டவர்கள் பின்னர் முழுவதையும் வெளியே கொட்டிக் கழுவ நேரும். கடற்கரை மணல் ஆகாது. வெளியேறும் குழாயை பரலுக்கு வெளியே மேல்நோக்கிக் கொண்டுபோய், மணல்மட்டத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் மேலே திருப்பிவிட்டால், நீர் வராத வேளையிலும் மணல் காயாது. நீர் மணலில் குழி பறிக்காதபடி, துளையிட்ட தட்டு ஒன்றை மேலே வையுங்கள்.

முதல் சில நாட்கள் வரும் நீரைத் தென்னைக்கு விடுங்கள். பின்னர் தேநீர்ச் சோதனையைச் செய்யுங்கள். சாயம் இன்னும் கறுத்தால், பெரும்பாலும் நீரின் அமிலத்தன்மையே காரணம். புளித்த நீரில் இரும்பு காற்றுப்பட்டும் எளிதில் திரளாது. பூநகரி, மன்னார்ப் பக்கம் நிலமே சுண்ணாம்புக்கல் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. கடினப்பாறை நிலமான உள்வன்னியில், நீர் விழும் இடத்தில் சுண்ணாம்புக்கல் துண்டுகளை ஒரு கூடையில் இட்டு, அதனூடாக விழச் செய்து பாருங்கள்.

நீரோட்டம் மெலிந்தால் வடிகட்டி கெட்டுவிட்டதென்று பொருளில்லை. மேல்மணலில் காவி அடைத்திருக்கிறது. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மணலை வழித்தெடுத்துக் கழுவி மீண்டும் இட்டால் போதும். எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை இந்த வேலை வருகிறது.

இந்த வடிகட்டி கிருமியைக் கொல்லாது; குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே பாவிக்க வேண்டும். கேத்தலில் வெண்படிவாக இறங்கும் கல்சியத்தையும் இது நீக்காது. வவுனியாப் பகுதியில் புளோரைட்டு மிகுந்த கிணறுகள் இருக்கின்றன; அதற்கும் நிறமில்லை, மணமில்லை, மணலிலும் அது நிற்பதில்லை. ஆகையால் காவி நீங்கித் தெளிந்துவிட்ட நீரையும் குடிநீராகப் பாவிக்கத் தொடங்குமுன், ஒரு போத்தலில் எடுத்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடுப்பது எப்படி என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.