ஒரு கேள்வி எந்த அறிவியலில் சேரும்? கண்டுபிடிக்க ஒரு வழி
பொருளைப் பார்த்துத் துறையை முடிவு செய்யாதீர்கள், அதைப் பற்றி என்ன கேட்கிறோம் என்று பாருங்கள். மின்மினி பூச்சிதானே, அப்போ உயிரியல் என்று முடித்துவிட முடியாது. அதன் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் வினைபுரிந்து ஒளி தருவது எப்படி என்று கேட்டால் வேதியியல். அந்த ஒளியின் அலைநீளம் என்ன, தொட்டால் ஏன் சுடுவதில்லை என்றால் இயற்பியல். ஆண் மின்மினி ஏன் விட்டுவிட்டு மின்னுகிறது (இணையைக் கூப்பிடத்தான்) என்றால் விலங்கியல். கேள்வி இரண்டு பக்கமும் இழுத்தால் குழம்ப வேண்டாம், உயிர்வேதியியல் மாதிரி கலப்புத் துறைகள் இருக்கின்றன.

வானியல், நிலவியல் (பூமியின் பாறைகளையும் மண்ணையும் ஆராய்வது) போன்ற சில துறைகள் பொருளை வைத்தே பிரிந்தவை, ஆனால் உள்ளே போனால் அங்கேயும் இயற்பியலும் வேதியியலும்தான். கணிதத்தை இதில் சேர்க்காதீர்கள். தேற்றத்தை யாரும் ஆய்வகத்தில் சோதித்து நிரூபிப்பதில்லை.