நிலவேம்புச் சாரமும் எலிச் சோதனையும்: மருந்தளவு, ஊசி, கைத்தவறுகள்

சாரம் கொடுத்த எலி செத்தால் பழி மூலிகைமேல் விழும். வாய்வழி மருந்து ஊட்டும் ஊசி மூச்சுக்குழாய்க்குள் போனதும், சாரத்தில் எத்தனால் தங்கிவிட்டதும் அறிக்கையில் வராது. அதனால் சோதனை எலிக்கூண்டில் அல்ல, சாரம் உலர்த்தும் இடத்திலேயே தொடங்குகிறது. ரோட்டரி எவாபரேட்டரில் (குடுவையைச் சுழற்றிக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கும் கருவி) 45 டிகிரிக்குள் வைத்து எத்தனாலை எடுங்கள். வாசனை போனதும் நிறுத்தக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு முறை எடை போட்டும் மாறாதிருந்தால்தான் உலர்ந்தது. செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி, மாதிரிக்கு எண் வாங்கி வையுங்கள். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தராமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது.

ஒரே வேளை மருந்துக்கான நச்சுச் சோதனைக்கு ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட 423ஆம் சோதனை வழிகாட்டி போதும். 8 முதல் 12 வாரம் ஆன, குட்டி போடாத, சினையில்லாத பெண் விஸ்டார் (ஆய்வக வெள்ளெலி வகை) எலிகள், சோதனையின் ஒரு படிக்கு 3. குறைந்தது 5 நாள் கூண்டுக்குப் பழக்குங்கள். அறை வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். விளக்கு 12 மணி நேரம் எரியட்டும். முந்தின இரவு தீனியை மட்டும் எடுத்துவிடுங்கள், தண்ணீரை அல்ல. மருந்தளவுக்கு, பட்டினி போட்ட பிறகு எடுத்த எடையே கணக்கு.

விவரம் தெரியாத செடிக்கு எலியின் கிலோ எடைக்கு 300 மி.கி.யில் தொடங்குவதே முறை. மனிதர் நெடுங்காலமாகக் குடித்துவரும் நிலவேம்புக்கு நேரே கிலோவுக்கு 2000 மி.கி. போகலாம். 180 கிராம் எலிக்கு 360 மி.கி. சாரம். 100 கிராம் எடைக்கு 1 மி.லி. என்று வைத்தால் 1.8 மி.லி.க்குள் அதை அடக்க வேண்டும். கலவை கூழாகி ஊசியை அடைக்கும். நீர்க்கலவைக்கு 100 கிராம் எடைக்கு 2 மி.லி. வரை அனுமதி உண்டு. 3.6 மி.லி.யில் கொடுங்கள், மி.லி.க்கு 100 மி.கி. வரும். 0.5 சதவீதக் கரைசலுக்கு சி.எம்.சி. பொடியை (சாரம் படியாமல் தாங்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) சுழலும் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவுங்கள், மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். சாரத்தைக் கல்வத்தில் அந்தக் கரைசல் சில சொட்டு விட்டுக் குழைத்த பிறகே மீதியை ஊற்றுங்கள். சிரிஞ்சில் இழுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எலிக்குத் தெளிவும் கடைசி எலிக்கு வண்டலும் போகும்.

முனையில் குமிழ் உள்ள 16 அல்லது 18 கேஜ் ஊசியை மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து குறியிடுங்கள். வாயின் ஓரமாக நுழைத்தால் எலியே விழுங்கும். தடை தெரிந்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி நுழையுங்கள். மூக்கில் நுரை வந்து, மூச்சு திணறிச் சில நிமிடங்களில் செத்தால், திறந்து நுரையீரலைப் பாருங்கள். அங்கே பச்சைக் கலவை இருந்தால் அது ஊசியின் பிழை. நச்சுக் கணக்கில் சேர்க்காமல், தனியாகப் பதிவு செய்யுங்கள்.

தீனி, மருந்து கொடுத்து 3, 4 மணி நேரம் கழித்து. முதல் அரை மணிக்குள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். முதல் 4 மணி நேரம் கூடுதல் கவனம், பிறகு 14 நாள் தினமும். முடியின் சிலிர்ப்பு, நடுக்கம், எச்சில், கழிச்சல், மயக்கம் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். சாகக் கிடக்கும் எலியை வதைபட விடாமல் கருணைக்கொலை செய்வது விதி. அதையும் இறப்பாகவே எண்ண வேண்டும். எடை வாரம் ஒரு முறை. கடைசியில் எல்லா எலிகளையும் திறந்து பாருங்கள்.

மூன்றில் ஒன்று செத்தாலோ, ஒன்றும் சாகாவிட்டாலோ அதே அளவில் இன்னும் 3. இரண்டோ மூன்றோ செத்தால் 300க்கு இறங்குங்கள். ஆறும் பிழைத்தால் ‘எல்.டி.50 (பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு) கிலோவுக்கு 2000 மி.கி.க்கு மேல்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று எழுத இந்த ஆறு எலிகள் போதாது.

தொடர்ந்து கொடுத்துப் பார்க்க ஓ.இ.சி.டி.யின் 407ஆம் வழிகாட்டி: 28 நாள், மூன்று அளவுகளும் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும், குழுவுக்கு ஆண் 5, பெண் 5. ரத்தம் எடுக்கையில் செல்கள் உடைந்து சீரம் சிவந்தால் ஏ.எஸ்.டி.யும் (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) பொட்டாசியமும் பொய்யாக ஏறும். கல்லீரல் கெட்டதென்று முடிவு கட்டிவிடுவீர்கள். திசுக்களைக் கெடாமல் பதப்படுத்த 10 சதவீத ஃபார்மலின். விரைக்கு மட்டும் பூவன் கரைசல் அல்லது மாற்றிய டேவிட்சன் கரைசல், ஃபார்மலினில் விந்துக் குழல்கள் சுருங்கிவிடும். நிலவேம்பில் விரைச் சோதனையை விடவே கூடாது. இலைப்பொடி ஆண் எலியின் விந்து உற்பத்தியைக் குறைக்கிறது என்று 1990இல் ஓர் ஆய்வு வந்தது. 1997இல் உலர்சாரத்தை 60 நாள் கொடுத்த இன்னொன்று பாதிப்பில்லை என்றது. எலியில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 50 நாளுக்கு மேல் ஆகும். 28 நாளில் விரை நன்றாகத் தெரிந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். 60 நாளாவது கொடுத்துப் பாருங்கள்.